ரொக்கக் குறைவுக்குப் பொறுப்பாளி யார்?

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கையிருப்பை எண்ணிப் பார்த்தோம். கணிப்பொறி காட்டிய இருப்புக்கும் பெட்டியில் இருந்த ரொக்கத்துக்கும் ரூ. 4,860 வித்தியாசம் கண்டது. மறுபடியும் எண்ணினோம், வித்தியாசம் மாறவில்லை. முப்பது ஆண்டு சேவை செய்திருந்த குமாஸ்தா எழுந்து நின்று, "ஐயா, நான் எடுக்கவில்லை. ஆனால் மெஷின் குறைவு என்று சொல்லும்போது நான் எதைக் காட்டி மறுப்பேன்?" என்றார். மறுநாள் காலையில் மனைவியின் வளையல்களை அடகு வைத்துத் தொகையைக் கட்டிவிட்டார். நாமும் 'குறைவு கண்டது. குமாஸ்தா ஈடு செய்தார்' என்று ஒரே வரியில் அறிக்கை எழுதிக் கையொப்பமிட்டு வந்தோம்.

இரண்டு மாதம் சென்றபின் உண்மை வெளிப்பட்டது. நூல் விற்ற வகையில் வந்த ரூ. 4,860-க்கான ரசீது ஒன்று கணிப்பொறியில் இரண்டு முறை பதிவாகியிருந்தது. பணம் திருப்பித் தரப்பட்டது, வளையல்களும் மீண்டன. அந்த இரண்டு மாதங்களில் ஊரார் பேசிய பேச்சை மட்டும் எவரும் திருப்பிப் பெற்றுக்கொள்ளவில்லை. அன்று நாம் எழுதிய அந்த ஒரு வரி இன்றும் நம் மனத்தை உறுத்துகிறது.

இதே தவறு பிரிட்டனில், சர்க்காருக்குச் சொந்தமான ஒரு பெரிய நிறுவனத்தில், ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இடைவிடாது நடந்தது. அங்கே வளையல் மாத்திரம் போகவில்லை; வீடு போயிற்று, மானம் போயிற்று, சிலருக்கு உயிரும் போயிற்று. அதனை இறுதியில் வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தது, ஒப்பந்தமும் வியாபாரமும் இயந்திர நுட்பமும் ஒருங்கே பின்னிக் கிடந்த ஒரு வழக்கு. அவ்வழக்கை வக்கீல்கள் எவ்வாறு நடத்தினர் என்பதை நம் சங்க அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம் என்று கருதி இதனை எழுதுகிறோம்.

ஒப்பந்தம் பிறந்த வரலாறு

பிரிட்டனில் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் உள்ள தபால் நிலையங்களில் பெரும்பாலானவற்றை நடத்துவோர் சம்பளச் சிப்பந்திகள் அல்லர். சொந்த முதல் போட்டுக் கடை வைத்து, அக்கடையின் ஒரு பக்கத்தில் தபால் அலுவலையும் ஒப்பந்தத்தின் பேரில் ஏற்று நடத்துவோர் அவர்கள். அவர்களைச் சப்-போஸ்ட்மாஸ்டர்கள் என்பர். தபால்தலை விற்பதோடு, உதவித் தொகை வழங்குதல், சேமிப்புப் பணம் பெறுதல் முதலிய பல அலுவல்கள் அவர்கள் கைவழியே நடைபெற்று வந்தன.

இந்தத் தபால் நிலையங்களையும், சர்க்கார் வழங்கும் உதவித் தொகைகளையும் கணிப்பொறியின் கீழ்க் கொண்டுவர 1996-ம் ஆண்டில் ஐ.சி.எல். பாத்வே என்னும் கம்பெனிக்கு ஒப்பந்தம் கொடுக்கப்பட்டது. ஐ.சி.எல்., ஜப்பானிய ஃபூஜிட்சு கம்பெனியைச் சேர்ந்தது. காலதாமதமும் குறைபாடுகளும் மலிந்ததால், உதவித் தொகை வழங்கும் சர்க்கார் இலாகா 1999-ம் ஆண்டில் அத்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. தபால் கம்பெனி மட்டும் விடாமல் மேற்கொண்டு நடத்தி, அவ்வாண்டு முதல் கிளைதோறும் அந்தக் கணக்கு முறையை நிறுவியது. அதன் பெயர் ஹொரைஸன்.

அது வந்த நாள் முதல் பல கிளைகளில் விளங்காத குறைவுகள் தோன்றின. சப்-போஸ்ட்மாஸ்டர் உதவி கேட்டுத் தொலைபேசியில் அழைத்தால், "உமது ஒப்பந்தப்படி குறைவை நீரே கட்டவேண்டும்" என்றே பெரும்பாலும் பதில் வந்தது. கட்டாதவர்களின் ஒப்பந்தம் ரத்தாயிற்று. பலர் மீது திருட்டு, பொய்க் கணக்கு என்று குற்றவழக்குத் தொடரப்பட்டது. நஷ்டமடைந்ததாகச் சொல்லும் கட்சியும், விசாரணை நடத்தும் கட்சியும், வழக்குத் தொடரும் கட்சியும் தபால் கம்பெனி ஒன்றேயாக இருந்தது என்பதை இங்கே கருதவேண்டும். 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகள் எனத் தீர்ப்புப் பெற்றனர். அவர்களில் சுமார் 700 பேர் தபால் கம்பெனியே தொடர்ந்த வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்கள்.

சட்டமும் அப்போது அவர்களுக்கு அனுகூலமாக இல்லை. கணிப்பொறிக் கணக்கைக் குற்றவழக்கில் சாட்சியமாகக் கொடுப்பவர், அது ஒழுங்காக இயங்கியதென்று காட்டவேண்டும் என்னும் 1984-ம் ஆண்டுச் சட்டப் பிரிவு 1999-ம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. அதன்பின், மாறாக நிரூபிக்கப்படும் வரையில் இயந்திரம் சரியாகவே இயங்கியது என்று நீதிமன்றம் கொள்ளலாயிற்று. ஹொரைஸன் வந்த காலமும் இப்பாதுகாப்பு நீங்கிய காலமும் ஒன்றாக அமைந்தது விதியின் கொடுமை என்றே சொல்லவேண்டும்.

வக்கீலின்றி நின்ற ஒருவர்

யார்க்‌ஷயர்ப் பகுதியில் பிரிட்லிங்டன் என்னும் கடற்கரை ஊரில் தபால் நிலையம் நடத்தியவர் லீ காசில்டன். 2004-ம் ஆண்டில் சில வாரங்களுக்குள் அவர் கணக்கில் சுமார் 25,000 பவுன் குறைவு காட்டிற்று. அவர் உதவி நிலையத்தை 91 முறை தொலைபேசியில் அழைத்தார். பயன் ஒன்றும் விளையவில்லை. தபால் கம்பெனி அவர்மீது சிவில் வழக்குத் தொடர்ந்தது. வக்கீல் வைத்துக்கொள்ள வசதியின்றி அவர் லண்டன் உயர்நீதிமன்றத்தில் தாமே நின்று வாதாடினார்.

2007-ம் ஆண்டு ஜனவரியில் தீர்ப்பு வந்தது. கணக்கில் கையொப்பமிட்டவர் அவர். ஆகவே அது தவறென்று காட்டும் பொறுப்பும் அவருடையதே என்றது நீதிமன்றம். இயந்திரத்தின் உள்ளே நடப்பதை அறியும் வழி அவருக்கு ஏது? அசல் தொகையோடு, எதிர்க்கட்சியின் செலவு 3,21,000 பவுனும் அவர் தலையில் விழுந்தது. அவர் திவாலானார். தபால் கம்பெனியோ அத்தீர்ப்பைக் காட்டி ஹொரைஸனின் கணக்கு பழுதற்றதென்று பேசலாயிற்று.

2010-ம் ஆண்டில் சர்ரே மாவட்டத்து வெஸ்ட் பைஃப்ளீட்டில் தபால் நிலையம் நடத்திய சீமா மிஸ்ரா என்னும் அம்மையார் திருட்டுக் குற்றத்துக்காகப் பதினைந்து மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அப்போது அவர் கருவுற்றிருந்தார். அவருடைய வக்கீல்கள் இயந்திரத்தின் பிழைக் குறிப்புகளைப் பன்முறை கேட்டும் முழுமையாகக் கிடைக்கவில்லை. அவ்விசாரணை தொடங்குவதற்குச் சில தினங்கள் முன்னர், ஹொரைஸனில் கண்ட ஒரு பிழையைப் பற்றிய குறிப்பு தபால் கம்பெனியின் வக்கீல்கள் கைக்கு வந்திருந்தது. அது அவர் தரப்புக்குக் காட்டப்படவில்லை என்பது பல ஆண்டு கழித்தே தெரிந்தது.

இவ்விரண்டு வழக்குகளிலும் ஓர் உண்மை விளங்குகிறது. கணக்கு ஒருவர் கையில், கணக்கின் அந்தரங்கம் மற்றொருவர் கையில் என்று இருக்குமானால், தனி மனிதர் எவ்வளவு நேர்மையாளராயினும் நீதிமன்றத்தில் வெறுங்கையோடு நிற்க நேரிடுகிறது.

கிராம மண்டபத்தில் கூடியவர்கள்

வேல்ஸ் நாட்டில் லண்டட்னோ நகரை அடுத்த கிரெய்க்-ஒய்-டான் தபால் நிலையத்தை நடத்தி வந்தவர் ஆலன் பேட்ஸ். ஹொரைஸன் வந்த சில வாரங்களிலேயே அவர் கணக்கிலும் குறைவு கண்டது. காரணம் காட்டாமல் கட்டமாட்டேன் என்று அவர் எழுத்திலேயே மறுத்து வந்தார். 2003-ம் ஆண்டில் அவர் ஒப்பந்தம் முடிக்கப்பட்டது; போட்ட முதலை அவர் இழந்தார்.

தபால் கம்பெனி ஒவ்வொரு சப்-போஸ்ட்மாஸ்டரிடமும், "உமக்கு மட்டுமே இப்படி நேர்ந்திருக்கிறது, வேறு எவரும் குறை சொல்லவில்லை" என்று சொல்லி வந்தது. இதனால் ஒருவர் துன்பம் மற்றொருவருக்குத் தெரியவில்லை. 2009-ம் ஆண்டில் 'கம்ப்யூட்டர் வீக்லி' என்னும் பத்திரிகை ஏழு சப்-போஸ்ட்மாஸ்டர்களின் கதையை வெளியிட்டது. அவ்வாண்டே பேட்ஸும் மற்றவர்களும் நடு இங்கிலாந்தில் ஃபென்னி காம்ப்டன் என்னும் சிற்றூரின் பொது மண்டபத்தில் கூடி, நீதி கோரும் ஒரு சங்கம் அமைத்தனர். ஒருவர் கதையை ஒருவர் கேட்ட அந்த நாளில்தான், தாம் மட்டும் தனியே தவறவில்லை என்று அவர்கள் அறிந்தனர். கூட்டுறவில் ஊறிய நமக்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

வக்கீல்கள் செய்த வேலை

சங்கம் அமைந்துவிட்டது, வழக்கு நடத்தப் பணம் வேண்டுமே! ஃப்ரீத்ஸ் என்னும் சட்ட நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹார்ட்லி இவ்வழக்கை ஏற்றார். நீதிமன்றத்தில் வாதாடும் பொறுப்பைப் பாட்ரிக் கிரீன் மேற்கொண்டார். வெற்றி பெற்றால் பங்கு என்னும் நிபந்தனையில் வழக்குச் செலவுக்கு முதல் போடும் ஒரு கம்பெனி பணம் கொடுத்தது. 2017-ம் ஆண்டு மார்ச்சில், பலர் வழக்குகளையும் ஒரே கூட்டு வழக்காக நடத்த நீதிமன்றம் உத்தரவிட்டது. இறுதியில் 555 பேர் வாதிகளாயினர். தொழில்நுட்ப வழக்குகளில் தேர்ந்த நீதிபதி பீட்டர் ஃபிரேசர் விசாரணையை ஏற்றார்.

இத்தகைய வழக்கில் வக்கீலின் சாமர்த்தியம் நாவன்மையில் இருப்பதாக நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது மேசையின் முன் அமர்ந்து மாதக்கணக்கில் செய்யும் வேலை. அதனை மூன்றாகப் பகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்தல். குறைவு எதுவாயினும் சப்-போஸ்ட்மாஸ்டரே கட்டவேண்டும் என்று தபால் கம்பெனி சொல்லி வந்தது. ஒப்பந்தத்தின் வாசகமோ அப்படி இல்லை. அவருடைய கவனக்குறைவு, அசட்டை, அல்லது பிழை காரணமாக வந்த நஷ்டத்துக்கும், அவருடைய உதவியாளர்களால் வந்த நஷ்டத்துக்கும் அவர் பொறுப்பு என்பதே அதன் கருத்து. இயந்திரப் பிழையால் வந்த குறைவு இதில் எங்கே அடங்கும்? ஆயிரக்கணக்கானோர் கையில் இருந்த ஒப்பந்தந்தான் அது. அதனை நிதானமாகப் படித்து, 'நிரூபிக்க வேண்டியவர் யார்?' என்று கேட்க ஒருவர் வேண்டியிருந்தது.

இரண்டாவது, எதிர்க்கட்சியின் தஸ்தாவேஜுகளை வெளிக்கொணர்தல். ஹொரைஸனில் கண்ட பிழைகளை ஃபூஜிட்சுவின் பணியாளர்கள் ஒரு பதிவேட்டில் குறித்து வந்தனர். அதனை வாதிகள் தரப்பு கேட்டபோது, முதலில் அப்படி ஒன்று உண்டா என்பதே ஐயமாகப் பேசப்பட்டது. பிறகு அது வழக்குக்குப் பொருந்தாது என்றனர். பிறகு அது தபால் கம்பெனியின் ஆதீனத்தில் இல்லை என்றனர். வக்கீல்கள் விடவில்லை. கிடைத்தபின் அப்பதிவேடே வழக்கின் உயிர்நாடியாயிற்று.

மூன்றாவது, தக்க நிபுணரை அமர்த்துதல். வாதிகளுக்காக அந்தப் பிழைக் குறிப்புகளை ஆராய்ந்தவர் ஜேசன் கோய்ன். இவர் பல ஆண்டுகளுக்கு முன்பே மற்றொரு தபால் நிலைய வழக்கில் ஹொரைஸனின் குறைகளை எடுத்துக் காட்டியவர். அவ்வழக்கு வெளியே தெரியாமல் சமரசத்தில் முடிந்து போயிற்று. ஃபூஜிட்சுவில் முன்னாளில் வேலை செய்த ரிச்சர்ட் ரோல் என்பவரும் சாட்சி சொன்னார். கிளைக்காரர் அறியாமலே தொலைவிலிருந்து அவர் கணக்கில் மாற்றம் செய்ய முடியும் என்பது அவர் சாட்சியத்தால் துலங்கிற்று. அது முடியாதென்று தபால் கம்பெனி முன்பு சாதித்து வந்தது.

பிழைகளில் ஒன்றை மாத்திரம் உதாரணமாகக் காட்டுவோம். 2015-ம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் டால்மெல்லிங்டன் என்னும் ஊரில், 8,000 பவுன் ரொக்கத்தை ஒரு கிளையிலிருந்து அதன் துணைக் கிளைக்கு மாற்றும்போது இயந்திரத்தின் திரை அசையாமல் நின்றுவிட்டது. பொத்தானை மறுபடி மறுபடி அழுத்தியதில், ஒரே தொகை நான்கு முறை பதிவாகி 24,000 பவுன் குறைவு காட்டிற்று. ஆராய்ந்து பார்த்தபோது, அதே பிழை முந்திய ஐந்தாண்டுகளில் 88 கிளைகளில் 112 முறை நேர்ந்திருந்தது தெரிந்தது. இதனைப் படித்தபோது நமக்கு அந்த நூல் விற்பனை ரசீதும் குமாஸ்தாவின் முகமும் நினைவுக்கு வந்தன.

இரண்டு தீர்ப்புகள்

2019-ம் ஆண்டு மார்ச் 15-ந் தேதி, ஒப்பந்தத்தைப் பற்றிய முதல் பெருந்தீர்ப்பு வெளிவந்தது. நீண்ட காலம் ஒருவரை ஒருவர் நம்பி நடத்தவேண்டிய ஒப்பந்தம் இது. ஆகவே இரு கட்சியாரும் நாணயத்தோடு நடக்கவேண்டும் என்னும் கடமை, எழுத்தில் இல்லாவிட்டாலும், அதனுள் அடங்கியதே என்றார் நீதிபதி. குறைவைக் குறித்து முறையிட்ட ஒருவர், வேறு வழியின்றிக் கணக்கை ஒப்பி அனுப்பியதனால் மாத்திரம் அக்கணக்குக்குக் கட்டுப்பட்டவராகார் என்றும் தீர்த்தார். லீ காசில்டனை வீழ்த்திய வாதம் பன்னிரண்டு ஆண்டு கழித்து இவ்வாறு வீழ்ந்தது.

இத்தீர்ப்பைக் கண்ட தபால் கம்பெனி, நீதிபதி பாரபட்சமுடையவர், விலகவேண்டும் என்று மனுச் செய்தது. அம்மனு தள்ளுபடியாயிற்று, மேல்கோர்ட்டும் இடங்கொடுக்கவில்லை.

டிசம்பர் 16-ந் தேதி இரண்டாம் தீர்ப்பு வந்தது. ஹொரைஸனில் பிழைகள் இருந்தன. அவை கிளைக் கணக்குகளில் குறைவை உண்டாக்கக் கூடியவை, உண்டாக்கியும் இருக்கின்றன. முதற்காலத்து ஹொரைஸன் நம்பத்தக்கதே அன்று என்று நீதிபதி முடிவு கூறினார். ஃபூஜிட்சு பணியாளர்கள் முந்திய வழக்குகளில் அளித்த சாட்சியங்களைப் பற்றிய தம் கவலையை அரசாங்கக் குற்றவழக்குத் தலைவருக்கும் தெரிவித்தார்.

அதன்பின் அணை உடைந்தது. 2020 டிசம்பரில் ஆறு பேரின் தண்டனை ரத்தாயிற்று. 2021-ம் ஆண்டு ஏப்ரல் 23-ந் தேதி சீமா மிஸ்ரா உள்ளிட்ட 39 பேரை அப்பீல் கோர்ட்டு குற்றமற்றவர் என விடுவித்தது. 2024 ஜனவரியில் இக்கதை தொலைக்காட்சி நாடகமாக வெளிவந்து நாட்டையே உலுக்க, அவ்வாண்டு மே மாதத்தில் பார்லிமெண்டு ஒரு தனிச் சட்டம் இயற்றி, நூற்றுக்கணக்கானோரின் தண்டனைகளை ஒருசேர நீக்கிற்று.

வெற்றியின் விலை

வெற்றிக் கதை என்று இதனைச் சொல்லி முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை. இரண்டாம் தீர்ப்பு வருவதற்குச் சில தினங்கள் முன்பே இரு கட்சியாரும் சமரசம் செய்துகொண்டனர். தபால் கம்பெனி 5 கோடியே 77½ லட்சம் பவுன் கொடுக்க இசைந்தது. வழக்குச் செலவும், முதல் போட்ட கம்பெனியின் பங்கும் கழிந்தபின் வாதிகளுக்கு மிஞ்சியது சுமார் 1 கோடியே 20 லட்சம் பவுன். 555 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குச் சற்றேறக்குறைய 20,000 பவுன் தான். வீட்டையும் கடையையும் இழந்தவர்களுக்கு அது எம்மாத்திரம்?

பிறகு பொதுஜனங்களின் வற்புறுத்தலால் சர்க்கார் வேறு நஷ்டஈட்டுத் திட்டங்களை ஏற்படுத்தியது. தண்டனை ரத்தானவர்கள் விரும்பினால் 6 லட்சம் பவுனை ஒரே தொகையாகப் பெறலாம் என்று 2023-ம் ஆண்டிலும், கூட்டு வழக்கின் வாதிகள் 75,000 பவுன் பெறலாம் என்று 2024-ம் ஆண்டிலும் அறிவிப்பு வந்தது. ஆயினும் பலர் அதைக் காண உயிரோடில்லை. நீதிபதி வின் வில்லியம்ஸ் தலைமையில் நடந்த பொது விசாரணையின் முதல் தொகுதி 2025 ஜூலையில் வெளியாயிற்று. இத்துன்பத்தால் 13 பேர் வரை தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டிருக்கக் கூடும் என்று அது கூறுகிறது.

தேர்ந்த வக்கீல்கள் தம் கடமையைத் திறம்படச் செய்தும் இத்தனை செலவாயிற்று என்றால், பாடம் தெளிவானது. நியாயஸ்தலத்துக்குப் போவதற்கு வெகுகாலம் முன்பே, ஒப்பந்தம் எழுதும் நாளிலும் முதல் குறைவு கண்ட நாளிலும் விழித்துக்கொள்ளவேண்டும்.

நம் சங்கங்களுக்கு உரியது

நம் நாட்டில் 63,000 தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களை ஒரே கணக்கு மென்பொருளில் இணைக்க 2022-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் மத்திய மந்திரிசபை ரூ. 2,516 கோடித் திட்டத்துக்கு இசைவளித்தது. கணிப்பொறி வேண்டாம் என்று நாம் சொல்லமாட்டோம். பழைய பேரேட்டில் அழித்தெழுதிய கணக்குகளால் மோசம்போன அங்கத்தினர்களை நாம் நேரில் கண்டிருக்கிறோம். விவசாயி தன் கடன் பாக்கியைக் கேட்ட மாத்திரத்தில் அறிய முடிவது பெரிய நன்மை. எனினும் கீழ்க்கண்டவற்றை நிர்வாகக் குழுவினரும், காரியதரிசிகளும், அங்கத்தினர்களும் மனத்தில் கொள்வது நலம்.

சங்கம் தானே ஒரு மென்பொருள் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்யும்போது, கணக்குப் பதிவுகள் யாருக்குச் சொந்தம், பிழைப் பதிவேட்டைச் சங்கத்துக்கும் தணிக்கையாளருக்கும் காட்டும் கடமை உண்டா, பிழையால் வரும் நஷ்டம் யாரைச் சேரும் என்னும் மூன்றையும் எழுத்தில் பெறவேண்டும். இவற்றை எழுதாத ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டச் செலவாகும் தொகை, பிற்பாடு ஆகும் செலவில் நூற்றில் ஒரு பங்கும் இராது.

குறைவு கண்டால் அன்றே எழுத்தில் முறையிடவேண்டும். காசில்டன் 91 முறை தொலைபேசியில் பேசினார். தேதியிட்ட கடிதத்தின் பலம் பேச்சுக்கு இல்லை. கணக்கை ஒப்பியே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால், 'ஆட்சேபணையோடு ஒப்பப்பட்டது' என்று எழுதிக் கையொப்பமிட்டு நகல் வைத்துக்கொள்க.

அடுத்து, நம்மைப் போன்ற இன்ஸ்பெக்டர்கள் நினைவில் கொள்ளவேண்டியது ஒன்று உண்டு. 1983-ம் ஆண்டுத் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87-வது பிரிவு, சங்கத்தின் நஷ்டத்தை ஒருவரிடமிருந்து வசூலிக்க வழி செய்கிறது. ஆனால் கையாடல், நம்பிக்கைத் துரோகம், வேண்டுமென்றே செய்த கவனக்குறைவு முதலியவற்றால் அந்த நஷ்டம் நேர்ந்திருக்கவேண்டும். சம்பந்தப்பட்டவர் தம் கட்சியைச் சொல்ல வாய்ப்பும் தரப்படவேண்டும். குறைவு கண்டது என்பது மாத்திரம் இவற்றில் எதையும் நிரூபித்துவிடாது.

நீதிமன்றத்துக்குச் செல்லும் கணிப்பொறிக் கணக்குக்கும் நம் நாட்டுச் சட்டம் ஒரு காவல் வைத்திருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவின்படி, அப்பதிவு எவ்வாறு உண்டாயிற்று என்பதற்கும், இயந்திரம் ஒழுங்காக இயங்கியதற்கும் சான்றிதழ் இணைக்கவேண்டும். அச்சான்றிதழை வெறும் சடங்காக எழுதிக் கொடுத்தால் காவல் இருந்தும் பயனில்லை. பிழைக் குறிப்புகளைப் பார்த்த பின்னரே கையொப்பமிடுவது முறை.

அங்கத்தினர்கள் தத்தம் பாஸ் புத்தகத்தை ஒவ்வொரு தடவையும் வாங்கிப் பார்த்து, தாம் கொடுத்த தொகையும் பதிவான தொகையும் ஒத்திருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்க்கவேண்டும். பிழை ஒருநாளில் கண்டால் ஒரு வரியில் திருந்தும். ஓராண்டு கழித்துக் கண்டால் ஒரு குடும்பத்தின் பெயரைக் கெடுக்கும்.

அந்தக் குமாஸ்தா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். சென்ற ஆண்டு அவ்வூர் வழியே சென்றபோது அவர் வீட்டுக்குப் போய், நாம் எழுதிய அந்த ஒரு வரிக்காக வருத்தம் தெரிவித்தோம். அவர், "ஐயா, நீங்கள் கணக்கைத் தானே எழுதினீர்கள்" என்று சொல்லி மோர் கொடுத்து உபசரித்தார். அவர் பெருந்தன்மையால் நம் குற்றம் குறைந்துவிடவில்லை. அன்று முதல், குறைவு கண்ட இடத்தில், 'காரணம் விசாரிக்கப்பட வேண்டும்' என்று எழுதாமல் எவர் பெயரையும் நாம் எழுதுவதில்லை.